டப்பாவுக்குள் வரும் முன் அந்தப் பொடி எங்கே இருந்தது?

ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் வாங்கும் பி.சி.ஏ.ஏ. (லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றும் சேர்ந்த பொடி), கிரியாட்டின், குளுட்டமின், சிட்ருலின் எல்லாமே முதலில் 25 கிலோ அட்டை டிரம்மில்தான் வந்து இறங்கும். டிரம்முக்குள் இரண்டு பாலிதீன் உறை, வாயில் ஒரு பிளாஸ்டிக் டை, வெளியே பொருளின் பெயரும் பேட்ச் நம்பரும் தயாரான நாடும் அச்சடித்த வெள்ளை லேபிள். ஓசூர் பக்கம் இந்தப் பொடிகளைக் கலந்து, சுவையும் நிறமும் சேர்த்து, பல கம்பெனிகளுக்கு டப்பாவில் அடைத்துத் தரும் ஓர் ஆலையில் பல வருடம் வேலை பார்த்தேன். தரப் பரிசோதனைப் பிரிவு. க்யூ.சி. என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஒரே ஷிப்டில் ஒரே பொடி வெவ்வேறு பெயருள்ள டப்பாக்களுக்குள் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அதனாலேயே சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஃபோன் செய்துகொண்டே இருப்பார்கள். "கிரியாட்டின் நல்லதா, கெட்டதா?" "அமினோ பவுடர் சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே?" பெயரை மட்டும் வைத்து எந்தப் பொடிக்கும் நான் சான்று தர மாட்டேன். புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களில் ஒன்று லியூசின். அது நம் வீட்டுப் பருப்பிலும் இருக்கிறது, முட்டையிலும் இருக்கிறது. அந்த மூலக்கூறைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. இந்தப் பொடி எதிலிருந்து எடுத்தது, எப்படிச் சுத்தம் செய்தது, கூடவே என்ன ஒட்டிக்கொண்டு வந்தது, உங்கள் கையில் இருக்கும் இந்த பேட்சை யாராவது சோதித்தார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் நின்று இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிறப்பிடம். இன்று விற்கும் அமினோ அமிலங்களில் பெரும்பகுதி நொதித்தலில் வருவது. 1908-ல் ஜப்பானில் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமிக் அமிலத்தைப் பிரித்தார். அடுத்த வருடமே அதன் உப்பு அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் கோதுமைப் புரதத்தை அமிலத்தில் வேகவைத்துத்தான் எடுத்தார்கள். 1956-ல் கியோவா ஹக்கோ நிறுவனத்து ஆய்வாளர்கள் மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார்கள். சர்க்கரை கொடுத்தால் அது குளுட்டமிக் அமிலத்தை வெளியே கொட்டும். கோரினிபாக்டீரியம் குளுட்டமிக்கம் என்று பெயர். அதன் வழிவந்த நுண்ணுயிர்களும் ஈ.கோலை வகைகளும்தான் இப்போது கரும்பு மொலாசஸையும் மக்காச்சோளச் சர்க்கரையையும் தின்று லியூசின், ஐசோலியூசின், வேலின், குளுட்டமின் எல்லாம் தருகின்றன. சைவமா என்று கேட்டால், இந்த வழியில் வந்தது சைவம்தான்.

கிரியாட்டின், டாரின், பீட்டா அலனின், கிளைசின் எல்லாம் ரசாயனத் தொகுப்பில் வருபவை. கிரியாட்டினை 1832-ல் பிரான்சில் செவ்ரல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தார். டாரினை 1827-ல் எருதின் பித்தத்தில் கண்டார்கள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "அப்போ அது அசைவம்" என்று டப்பாவை ஒதுக்குபவர்கள் உண்டு. இன்றைய ஆலையில் மாடும் இல்லை, பித்தமும் இல்லை. சார்கோசின் உப்பையும் சயனமைடையும் வினைபுரிய வைத்தால் கிரியாட்டின் கிடைக்கும். சயனமைடு என்றதும் சயனைடு நினைவுக்கு வந்து சிலர் பதறுவார்கள். இரண்டும் வேறு. கவனிக்க வேண்டியது, சுத்திகரிப்பு சரியாக இல்லாவிட்டால் தங்கிவிடும் துணைப்பொருள்களைத்தான். டைசயன்டைஅமைடு, டைஹைட்ரோட்ரையசின் என்று இரண்டு. பொறுப்பாகக் கிரியாட்டின் தயாரிப்பவர் பேட்ச் சான்றிதழில் இந்த இரண்டின் அளவையும், கிரியாட்டின் சிதைந்து உண்டாகும் 'கிரியாட்டினின்' (creatinine) என்ற வேறொரு பொருளின் அளவையும் தனித்தனி வரியாகக் காட்டுவார். காட்டாதவர் "99.9 சதவீதம்" என்று ஒரே வரியோடு முடித்துக்கொள்வார்.

அப்புறம் மூன்றாவது வழி: முடியும் இறகும். இதை எங்கள் ஆலைக்கு வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மனித முடி, வாத்து இறகு, கோழி இறகு எல்லாம் கெரட்டின் என்ற புரதம். அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்தால் கரைந்து தனித்தனி அமினோ அமிலங்களாகிவிடும். அமிலத்தை முறித்ததும் நீரில் கரையாத சிஸ்டின் முதலில் கீழே படியும். மிச்சமிருக்கும் பழுப்புத் தண்ணீரிலிருந்து டைரோசின், லியூசின் முதலியவற்றைப் பிரிப்பார்கள். நீளமான முடிக்கு விக் சந்தையில் நல்ல விலை. குட்டை முடிக்கும் சலூன் கழிவுக்கும் அந்த மதிப்பு இல்லாததால் அவை அமினோ அமிலத் தொழிலுக்குக் கச்சாப் பொருளாகப் போவதுண்டு. சிஸ்டினிலிருந்து பெற்று, ரொட்டி மாவைப் பதப்படுத்தச் சேர்க்கும் சிஸ்டீன் நெடுங்காலம் இப்படித்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் உணவில் சேர்க்கும் சிஸ்டீனுக்கு மனித முடியை மூலப்பொருளாகப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறது.

முறையாகச் சுத்தம் செய்த லியூசின் எதிலிருந்து வந்தாலும் லியூசின்தான், வேதியியலில் வித்தியாசம் இல்லை. ஆனால் இறகு, முடி என்றால் பலருக்கு மனம் ஒப்பாது. சைவர்களுக்கும், ஹலால் பார்ப்பவர்களுக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. இன்னொன்று, ஈயம், ஆர்செனிக், பாதரசம் போன்ற உலோகங்கள் உடலில் சேரும்போது முடியில் போய்த் தங்கும். அதனால் முடியிலிருந்து வரும் சரக்கில் கன உலோகப் பரிசோதனை என்பது சம்பிரதாயக் கையெழுத்தாக இருக்கக் கூடாது.

ஒருமுறை வழக்கத்தைவிட விலை குறைவாக ஒரு லியூசின் சரக்கு வந்தது. காகிதத்தில் நொதித்தல் என்றுதான் இருந்தது. சான்றிதழ் சுத்தம். டிரம்மைத் திறந்து உறையை அவிழ்த்ததும் முகத்தில் அடித்த வாடை மட்டும் சரியில்லை. நல்ல லியூசினுக்கு வாடை கிட்டத்தட்ட இருக்காது. மெல்லிய செதில் செதிலாக, தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டு, நாக்கில் வைத்தால் கசக்கும். இதில் லேசான கந்தக நெடி. டி.எல்.சி. பிளேட் ஓட்டினோம். ஒரு சொட்டுக் கரைசலைத் தட்டின் அடியில் வைத்து, கரைப்பான் மேலேறியதும் நின்ஹைட்ரின் தெளித்து ஓவனில் வைத்தால் அமினோ அமிலம் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறப் புள்ளியாக எழும்பும். சுத்தமான லியூசினுக்கு ஒரே புள்ளி. இந்தத் தட்டில் பிரதான புள்ளிக்குக் கீழே மங்கலாக இன்னும் சில புள்ளிகள். புரதத்தைக் கரைத்து எடுத்த லியூசினில் மெத்தியோனினும் வேலினும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், பிரிப்பது சிரமம். கந்தக நெடிக்கும் அதுதான் காரணம். மூலப்பொருள் என்ன என்று எழுத்தில் கேட்டோம். சப்ளையரிடமிருந்து பதில் வரவில்லை. சரக்கைத் திருப்பி அனுப்பினோம். அந்த டிரம்கள் வேறு எந்த ஆலையின் வாசலில் போய் இறங்கின என்பது இன்றுவரை என் மனதில் இருக்கும் கேள்வி.

"99 சதவீதம் சுத்தம்" என்ற வார்த்தையை நான் ஏன் இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கவே கூடாத ஒரு சம்பவம் 1989-ல் நடந்தது. தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் என்று அமெரிக்காவில் டிரிப்டோஃபேன் மாத்திரையைப் பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஓர் அமினோ அமிலம், நாம் தினமும் பாலிலும் பருப்பிலும் சாப்பிடுவது. அந்த வருடம் நியூ மெக்சிகோவில் சில பெண்கள் தாங்க முடியாத தசை வலியோடு மருத்துவரிடம் வந்தார்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. விசாரித்தால் எல்லோருமே டிரிப்டோஃபேன் எடுத்தவர்கள். நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த மாத்திரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. மொத்தத்தில் 1,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், குறைந்தது 37 பேர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு நரம்பும் தசையும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

நோயாளிகள் சாப்பிட்டது பல பிராண்டு. தடம் பிடித்துப் போனால் ஏறத்தாழ எல்லாமே ஜப்பானின் ஷோவா டெங்கோ என்ற ஒரே உற்பத்தியாளரிடம் போய் நின்றன. அவர்கள் அந்தச் சமயத்தில் நுண்ணுயிரின் ரகத்தை மாற்றியிருந்தார்கள். சுத்திகரிப்பில் போடும் கரியின் அளவையும் குறைத்திருந்தார்கள். மிக நுண்ணிய அளவில் சில மாசுப்பொருள்கள் அதில் இருந்தன. அவற்றில் எது விஷமாக வேலை செய்தது என்பது பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு: அந்தப் பொடி மருந்துத் தரத்துக்குக் கேட்கப்படும் 98.5 சதவீதத் தூய்மையைத் தாண்டித்தான் இருந்தது. பரிசோதனையில் தேறிய பொடி ஆட்களைக் கொன்றது. மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதுதான் க்யூ.சி. வேலை. வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்ததும் இந்தக் கதையைத்தான்.

இனி டப்பாவுக்கு வருவோம். புரதப் பொடியில் நடக்கும் ஒரு மோசடிக்குக் காரணமே விலை குறைந்த அமினோ அமிலம்தான். சாதாரணப் பரிசோதனையில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொடியில் இருக்கும் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். கிளைசினில் நைட்ரஜன் அதிகம். ஒரு கிராம் கிளைசின் கலந்தால் சோதனையில் 1.17 கிராம் புரதம் என்று காட்டும். ஒரு கிராம் கிரியாட்டின் மோனோஹைட்ரேட் கலந்தால் 1.76 கிராம் என்று காட்டும். பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தைவிட கிளைசின் மலிவு. கலப்பவருக்கு லாபம், சாப்பிடுபவருக்குத் தசைக்கு வேண்டிய சத்து கிடைக்காது. 2008-ல் சீனாவில் குழந்தைகளின் பால்பொடியில் மெலமின் கலந்ததும் இதே கணக்கை ஏமாற்றத்தான். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். நம் நாட்டில் 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தபோது சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் பொருத்தமில்லை. சிலவற்றில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன.

இதை வீட்டிலிருந்தே ஓரளவு பிடிக்கலாம். சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். வே புரத டப்பாவில் கிளைசின், டாரின், கிரியாட்டின் என்று தனியாக எழுதியிருந்து, அதைச் சேர்த்துப் புரதக் கணக்கு காட்டியிருந்தால் வேண்டாம். டாரின் புரதத்தில் இருக்கும் அமினோ அமிலமே அல்ல. அடுத்து அமினோ அமில அட்டவணை. 25 கிராம் வே புரதத்தில் லியூசின் சுமார் இரண்டரை கிராம் இருக்கும். ஒன்றரை என்று போட்டிருந்தால் யோசிக்க வேண்டும். அட்டவணையே இல்லாமல் "ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்" என்று ஒரு மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால், எது எவ்வளவு என்று சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

என் அக்கா மகன் வேலூரில் பளுதூக்கும் பயிற்சி எடுக்கிறான். ஒருநாள் கறுப்பு டப்பா ஒன்றின் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "சித்தி, இது எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

"முன்பக்கம் எனக்கு எதுக்குடா, பின்பக்கத்தை அனுப்பு."

ப்ரீ ஒர்க்அவுட், அதாவது பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடி. பீட்டா அலனின், சிட்ருலின், டாரின், காஃபின், கடைசி வரியில் சின்ன எழுத்தில் ஜெரானியம் எக்ஸ்ட்ராக்ட். இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் எண் இல்லை. அவனுடைய ஜிம்மில் சீனியர்கள் எல்லோரும் எடுக்கிறார்களாம். "எடுத்ததும் முகமெல்லாம் சுருசுருன்னு ஊறும் சித்தி, அதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம்னு அண்ணன் சொன்னாரு."

அந்த ஊறலுக்குக் காரணம் பீட்டா அலனின். ஒரே வேளையில் ஒரு கிராம் அளவுக்குப் போனாலே பலருக்குத் தோலில் ஊறும், கொஞ்ச நேரத்தில் போய்விடும், ஆபத்தில்லை. ஆனால் ஒரிஜினலுக்கு அது அடையாளமும் இல்லை, எந்தப் போலிக்காரரும் பீட்டா அலனின் வாங்கலாம். நான் பயந்தது ஜெரானியம் என்ற வரியைப் பார்த்து. மெத்தில்ஹெக்சனமின் என்ற ஊக்கமருந்து சப்ளிமென்ட் டப்பாக்களில் ஜெரானியம் என்ற பெயரிலும், டைமெத்தில் அமைலமின் என்ற பெயரிலும் ஒளிந்து வரும். ரத்த அழுத்தத்தை ஏற்றி இதயத்தைப் படுத்தும். 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன் நம் நாட்டு வீரர்கள் பலர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியது இதே மருந்தால்தான். அமினோ அமிலங்கள் தடைப் பட்டியலில் இல்லை, கிரியாட்டினும் இல்லை. தடை செய்யப்பட்டது அவற்றோடு பயணம் செய்யும் பொருள்தான். வீரரின் உடலில் அது இருந்தாலே விதிமீறல்தான், எப்படி வந்தது, தெரிந்து எடுத்தானா என்பதெல்லாம் தண்டனையின் அளவைப் பேசும்போதுதான் வரும். மாவட்ட அளவில் ஆடுகிற பையன்களுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது.

வேண்டுமென்றே கலக்காமலும் சேர்ந்துவிடும் என்பதற்கு ஆலைக்குள் நடப்பதைச் சொல்ல வேண்டும். ரிப்பன் பிளெண்டர் என்ற பெரிய கலவை இயந்திரத்தில் காலையில் காஃபின் சேர்த்த ப்ரீ ஒர்க்அவுட் ஓடும், மாலையில் வெறும் குளுட்டமின் ஓடும். நடுவில் கழுவுவார்கள். கழுவிய பிறகு நாங்கள் போய், பொடி கீழே இறங்கும் வால்வின் உள்விளிம்பிலும், ரிப்பனும் தண்டும் சேரும் மூலையிலும் பஞ்சால் துடைத்தெடுத்து, கலந்திருப்பதைப் பிரித்து வரைபடத்தில் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் போட்டுப் பார்ப்போம். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும் வால்விலிருந்து காஃபின் சிகரம் எழும்பும். மறுபடி கழுவச் சொன்னால் புரொடக்ஷன்காரர்களுக்கு முகம் மாறும், லாரி காத்துக்கொண்டிருக்கும். அந்த வாக்குவாதத்தில் க்யூ.சி. ஜெயிக்கிற ஆலையும் உண்டு, தோற்கிற ஆலையும் உண்டு. காஃபினுக்குப் பதில் ஹார்மோன் பொருள் ஓடிய இயந்திரமாக இருந்தால் என்ன ஆகும்? ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 2000-2001 காலத்தில் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தது. அவற்றில் 94-ல், அதாவது 14.8 சதவீதத்தில், லேபிளில் இல்லாத ஹார்மோன் முன்பொருள்கள், அதாவது உடலுக்குள் போய் ஹார்மோனாக மாறுபவை, இருந்தன.

அந்தக் கறுப்பு டப்பாவை அவன் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். கிரியாட்டின் மட்டும் வேண்டும் என்றான். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. பேட்ச் சான்றிதழ் தருகிற ஒரு தயாரிப்பைப் பார்த்து வாங்கச் சொன்னேன். தினம் 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் 20 கிராம் என்று லோடிங் செய்வது அவசரக்காரர்களுக்கு, சிலருக்கு வயிற்றைக் கலக்கும். கரைத்ததும் குடித்துவிட வேண்டும், இரவே கரைத்து வைத்துக் காலையில் குடித்தால் அதில் கொஞ்சம் கிரியாட்டினினாக மாறியிருக்கும்.

இந்தக் கிரியாட்டினின் என்ற சொல்தான் பிறகு வீட்டில் ஒரு கலவரத்தை உண்டாக்கியது. ஏதோ காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தபோது கிரியாட்டினின் 1.4 என்று வந்தது, பக்கத்தில் சிவப்பில் குறியிட்டு. அக்கா ஃபோனில் அழுகிறாள். "நீ சொன்னேன்னுதானே வாங்கிக் கொடுத்தேன், கிட்னி போயிடுச்சா பாரு." நாம் சாப்பிடும் கிரியாட்டின் உடலில் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கிரியாட்டினினாக மாறி சிறுநீரில் போகும். தசை அதிகம் உள்ளவர்களுக்கும், கிரியாட்டின் எடுப்பவர்களுக்கும், முந்தின நாள் கடும் பயிற்சி செய்தவர்களுக்கும் அந்த எண் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே கொஞ்சம் ஏறிக் காட்டலாம். ஆனால் ஃபோனிலேயே "ஒண்ணுமில்லை அக்கா" என்று சொல்லிவிடக் கூடிய விஷயமும் அல்ல, நிஜமான சிறுநீரகக் கோளாறும் இதே எண்ணில்தான் தெரியும். மருத்துவரிடம் போய், கிரியாட்டின் எடுக்கிறான் என்று முதலில் சொல்லச் சொன்னேன். அவர் பொடியைச் சில வாரம் நிறுத்தச் சொல்லி, சிறுநீரில் புரதம் போகிறதா என்றும், சிஸ்டாடின் சி என்ற வேறொரு சோதனையும் பார்த்தார். சிஸ்டாடின் சி தசையையோ கிரியாட்டினையோ பொறுத்துப் பெரிதாக மாறாது. இரண்டும் சரியாக இருந்தன. பொடியை நிறுத்தியபின் எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினினும் இறங்கிவிட்டது. நீங்களோ பிள்ளைகளோ கிரியாட்டின் எடுத்தால் ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். ஆரம்பிக்கும் முன்பே ஒருமுறை சோதித்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.

சிலர் இந்தப் பொடிகளின் பக்கமே போகக் கூடாது. சிறுநீரக, கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் எதையும் எடுக்க வேண்டாம். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் டிரிப்டோஃபேனையோ அதிலிருந்து உண்டாகும் 5-எச்.டி.பி.யையோ சேர்த்து எடுத்தால், நரம்புகளில் வேலை செய்யும் செரட்டோனின் என்ற பொருள் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று நடுவயதுக்காரர்கள் ஆர்ஜினின் வாங்குகிறார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், எடுக்காத பிரிவில் யாரும் இறக்கவில்லை, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இதயத்துக்கு என்று யாராவது அதைப் பரிந்துரைத்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பி.சி.ஏ.ஏ. பற்றி என் கருத்து கடுமையானது. சாப்பாட்டில் போதுமான புரதம் இருப்பவருக்கு அது தேவையே இல்லை. 25 கிராம் வே புரதத்திலேயே ஐந்தாறு கிராம் பி.சி.ஏ.ஏ. இருக்கிறது. நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 20 கிராம். தசை கட்டுவதற்கு இருபது அமினோ அமிலங்களும் வேண்டும், மூன்றை மட்டும் தனியாகக் கொடுத்து மற்றதை உடம்பிடம் எங்கே போய்க் கேட்பது? 2024-ல் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் உடல் எடையைக் கூட்டப் புரதச் சப்ளிமென்ட்களைத் தவிர்க்கச் சொல்கிறது. போட்டிக்குத் தயாராகும் வீரர்களின் கணக்கு கொஞ்சம் வேறு, அவர்களுக்கும் சாப்பாடு முதலில்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா பாருங்கள், அதை அவர்கள் தளத்தில் போட்டு எந்தக் கம்பெனியின் பெயர் வருகிறது என்று ஒப்பிடுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் உள்ள ஸ்டிக்கர் வேண்டும். உரிமம் என்பது ஆலைக்குத் தந்த அனுமதி, உங்கள் டப்பாவைச் சோதித்ததற்கான சான்று அல்ல. அதனால் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பேட்ச் நம்பரைக் குறிப்பிட்டு, அந்த பேட்சின் சான்றிதழைக் கேளுங்கள். மூலப்பொருள் நொதித்தலா, தொகுப்பா, விலங்கு மூலமா என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுங்கான கம்பெனியில் இது கோப்பில் தயாராக இருக்கும், சில நாளில் அனுப்பிவிடுவார்கள். "கம்பெனி ரகசியம்" என்று பதில் வந்தால் வேறு கம்பெனி பாருங்கள். சுரண்டிப் பார்க்கும் குறியீட்டு எண் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம். மூடிக்குக் கீழே வாயோடு ஒட்டிய ஃபாயில் முழுசாக இருக்கிறதா பாருங்கள். காலியான டப்பாவைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு, உள்ளே வேறு பொடியை நிரப்பத்தான். வெட்டிப் போட்டுவிடுங்கள்.

மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் போன்ற முத்திரை உள்ளதை வாங்கி, உங்கள் பேட்ச் நம்பர் முத்திரை தந்தவர்களுடைய பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள், முத்திரையின் படம் மட்டும் போதாது. பில்லை வைத்துக்கொள்ளுங்கள். என்ன எடுத்தான், எந்தத் தேதியிலிருந்து, எந்த பேட்ச் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் அதே பேட்சில் இரண்டு டப்பா வாங்கி ஒன்றைச் சீல் உடைக்காமல் வைத்திருங்கள். சோதனையில் எதிர்பாராத ஒன்று வந்து விசாரணை என்று போனால், திறந்த டப்பாவில் நீங்களே எதையாவது கலந்திருக்கலாம் என்று சொல்ல முடியும், சீல் உடையாத டப்பாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. என் அக்கா மகனின் நோட்டு அவன் பயிற்சிப் பையிலேயே இருக்கிறது. இப்போது அவன் மாஸ்டர் மற்ற பையன்களையும் எழுதச் சொல்லியிருக்கிறார்.